பின்சந்தில் ஒரு பிறந்தநாள்

குளாய் ஊரில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் வீடுகள் முதுகோடு முதுகு காட்டி நிற்கும். இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவே ஒரு சந்து. அடுப்படிக் கதவுகள் எல்லாம் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் திறக்கும். சமையல் கேஸ் தோம்பு, துணி காயப்போடும் கம்பி, பழைய வாளியில் வைத்த கறிவேப்பிலை, பக்கத்து வீட்டுச் சீன அம்மா சோறு போடும் பூனைகள், எல்லாம் அங்கேதான்.

நம் ஆட்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் வாசலில் கெனோப்பி போடுவார்கள். வெள்ளைத் துணிக்கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, சாப்பாட்டு மேசை, பாட்டுப் பெட்டி. பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள் அங்கே. பின்சந்தில் யாராவது ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்திப் பின்மூடியைத் தூக்கி வைத்திருப்பார். உள்ளே ஐஸ் பெட்டி இருக்கும், பாட்டில் இருக்கும், காகிதக் கோப்பை இருக்கும். அது அங்கே இருப்பது முன்னால் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். யாரும் பார்க்கமாட்டார்கள், அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, புதுவீடு, சாவு, கருமாதி, எதுவாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் மாற்றம் கிடையாது. யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பேன்.

என் மகளுக்கு ஒரே பையன். அவள் புருஷன் குடித்துக் குடித்து வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தான். பையன் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்தான். அன்றிலிருந்து என் மகள் கேட்டது ஒன்றே ஒன்று. இவன் அவனைப் போலப் போய்விடக் கூடாது. அவளுக்கு நகை வேண்டாம், வேறு வீடு வேண்டாம். தொழிற்சாலையில் மிசின் முன்னால் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. அதோடுதான் பையனைக் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்தாள். நானும் அவளோடுதான் இருக்கிறேன். என் பெண்சாதி போனபிறகு மகள் வீடுதான் எனக்கு வீடு.

குடி எனக்குப் புதிது இல்லை. நான் பிறந்தது செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில். கள்ளுக்கடை எஸ்டேட்டுக்குள்ளேயே இருந்தது. பால் எடுத்து எடை போட்டு முடிந்ததும் ஆண்கள் நேராக அங்கேதான் போவார்கள். என் அப்பாவும் போவார். தகரக் கொட்டகை, நீளப் பலகை, வரிசையாக உட்கார்ந்து குடிப்பார்கள். சுற்றிலும் கம்பிவேலி, கதவு கிடையாது. யார் எவ்வளவு குடித்தான் என்று ஊருக்கே தெரியும். பெண்கள் வேலிக்கு வெளியில் நின்று கூப்பிடுவார்கள். நேரம் ஆனதும் கடைக்காரன் விரட்டி விடுவான். அது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா அடிவாங்குவாள், நாங்கள் பாய்க்கு அடியில் போய்ப் பதுங்குவோம். அந்தக் கொட்டகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புளிச்ச வாடைதான் வருகிறது. ஆனால் அங்கே ஒருவனும் ஒளிந்து குடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பேரன் ஸ்கூடாயில் படித்தான். காலேஜுக்குப் பக்கத்தில் நாலைந்து பையன்கள் சேர்ந்து வீடு எடுத்திருந்தார்கள். அதில் ஒருவன் சீனப் பையன், பேரனும் அவனும் ஒரே அறை. அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான். ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் காப்பி மாதிரி குடிப்பான். என்னிடம் மலாயில்தான் பேசுவான். தாத்தா என்பதற்கு ‘தோக்’ என்று கூப்பிடுவான்.

சீனப் பெருநாளுக்கு அவன் பேரனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். வட்ட மேசை, நடுவில் பெரிய மீன், தாத்தா பாட்டி முதல் சின்னப் பிள்ளை வரைக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்களாம். அந்தப் பையனின் அப்பா எழுந்து வந்து, பேரனுடைய கிளாஸில் ஐஸ் போட்டு, தன் கையால் கொஞ்சம் பீர் ஊற்றினாராம். பெரியவர் ஊற்றும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை என்றான் பேரன்.

“நீ குடிச்சியா?” என்று கேட்டேன்.

“குடிச்சேன் தாத்தா. ஒரு கிளாஸ்தான். சாப்டு முடிச்சு ஆரஞ்சுப்பழம் உரிக்கற வரைக்கும் அந்த ஒரு கிளாஸ்தான் வச்சிருந்தேன். ஐஸ் கரைஞ்சு தண்ணியாப் போச்சு. ஒன்னுமே தெரியல.”

“யாரும் இன்னும் ஊத்திக்கன்னு சொல்லலையா?”

“இல்லையே. அவங்கப்பாவே மூடி வச்சுட்டாரு. மீன் சாப்புடு, மீன் சாப்புடுன்னுதான் சொன்னாரு.”

என்னிடம் சொன்னதோடு விட்டிருக்கலாம். ஒளிக்கத் தெரியாத பையன், அம்மாவிடமும் போய்ச் சொன்னான். அவள் கையில் இருந்த அகப்பையைக் கீழே போட்டாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் அவனைக் குளிக்கச் சொல்லி, சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏற்றினாள்.

“அடிச்சு அணை. இனிமே தொடமாட்டேன்னு சொல்லி அணை.”

“அம்மா, ஒரு கிளாஸ்தாம்மா.”

“உங்கப்பாவும் ஒரு கிளாஸ்னுதான் ஆரம்பிச்சாரு. அணை.”

அவன் சத்தியம் செய்து உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கையில் கரி ஒட்டியிருந்தது. என் மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு காலேஜ் லீவில் பையன்கள் மெர்சிங் போனார்கள். குடிச்சிட்டுக் கடலோரத்தில் காலில் சப்பாத்தோடு விழுந்து கிடந்தானுங்க என்று பேரன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். அவன் தொடவில்லை. வாடகை வேன் எடுத்திருந்தார்கள், ஓட்டினது இவன். “வேன் சாவி என் பாக்கெட்ல இருந்துச்சு தாத்தா. நான் ஓட்டணும்டான்னு சொன்னா ஒருத்தனும் தொல்லை பண்ணல” என்றான். திரும்பி வரும்போது எனக்குக் கருவாடு வாங்கி வந்தான், நல்ல பாறைக் கருவாடு. என் மகள் அதைக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். சாவி ஒன்று கையில் இருந்தால் போதும், ஒரு பையன் தப்பித்துக்கொள்கிறான். அவன் அதைச் சொன்னபோது எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

பிறகுதான் இருபத்தோராவது பிறந்தநாள் வந்தது. இங்கே அதற்குப் பெரிய சாவி ஒன்று செய்வார்கள், அட்டையில் வெட்டித் தங்கத்தாள் ஒட்டி, பையன் பெயரை எழுதி. தாயும் தகப்பனும் அதைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். இனி நீ பெரிய ஆள், வீட்டுக் கதவை நீயே திறந்துகொள்ளலாம் என்று அதற்கு அர்த்தமாம். எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது. எங்களுக்கே தெரியாமல் பெரிய ஆள் ஆகிவிட்டோம். தகப்பன் இல்லாத பையன் என்பதால் மாமன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் பிடித்துக் கொடுப்பது என்று முடிவானது. மாமன் என்றால் என் மகன். மகளுக்கு மூத்தவன். பெரிய மீசை, பெரிய குரல், தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பையன்களுக்கு அவனைக் கண்டால் பயம்.

சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறுதான் தோது என்பதால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் கேக் வெட்டு என்று வைத்தார்கள். செத்துப்போன மருமகனுக்கு ஒரு தம்பி உண்டு, பேரனுக்குச் சித்தப்பா. அவன் சிங்கப்பூரில்தான் வேலை. காலையிலேயே காரைக் கொண்டுவந்து பின்சந்தில் நிறுத்தினான். என் மகள் அடுப்படிக் கதவில் நின்று பார்த்தாள்.

“தம்பி, கெனோப்பிக்குள்ள ஒரு சொட்டு வரக்கூடாது.”

“வராது அண்ணி. நான் பாத்துக்கறேன்லா.”

“அவனுக்குக் குடுக்கக்கூடாது. சத்தியம் பண்ணிருக்கான்.”

“அவனுக்கு யாரு குடுக்கறா? ஆளுங்க வருவாங்கல்ல. கோலா, ஆரஞ்சுன்னு வெறும் கேஸ் தண்ணியக் குடுத்தா காலத்துக்கும் நம்மளப் பேசுவாங்க.”

அவள் அவனை விரட்டியிருக்கலாம். புருஷன் வழிச் சொந்தம், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். என் மகனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நீ அப்பப்பப் பின்னால போய் ஒரு பார்வை பாத்துக்க. உன்னப் பாத்தா பயப்படுவானுங்க.”

அவனும் சரி என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். சாப்பாடு ஓடிக்கொண்டிருந்தபோது நடுநடுவே எழுந்து வீட்டுக்குள் புகுந்து பின்னால் போய் வந்துகொண்டே இருந்தான். திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருவான்.

“எப்படிடா இருக்கு?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“நல்ல பசங்கப்பா. என் தலையப் பாத்ததும் எல்லாத்தையும் ஒளிச்சுட்டானுங்க. கையக் கட்டிட்டு நிக்கறானுங்க. மரியாதை தெரிஞ்சவனுங்க.”

அவன் முகத்தில் பெருமை இருந்தது. இந்தக் காலத்துப் பையன்களுக்கு மரியாதை இல்லை என்று பேசிப் பேசியே பழகியவர்கள் நாங்கள். அவன் சொன்னதைக் கேட்டு எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது. இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பின்னால் நடந்ததை அந்தச் சீனப் பையன்தான் எனக்குப் பிறகு சொன்னான். யார் என்ன பேசினார்கள் என்பதை மற்றப் பையன்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவனும் அங்கே நின்றிருக்கிறான். முதலில் பேரன் கையில் சோயாபீன் தண்ணீர் இருந்ததாம். அது அவனுக்கு உயிர், சின்ன வயசிலிருந்தே. பசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் கூட்டிப் போனால் வேறு எதையும் கேட்கமாட்டான். காலேஜ் பையன்கள் அதைப் பிடுங்கினார்கள்.

“டேய், இன்னைக்கு நீ வண்டி ஓட்டலல்ல? வீட்லதானே இருக்க? அப்புறம் என்ன?”

“அம்மாகிட்டச் சத்தியம் பண்ணிருக்கேன்டா.”

“அம்மா முன்னாலதான இருக்காங்க. இது பின்னால.”

சித்தப்பா சிரித்திருக்கிறான். “இருபத்தொரு வயசு ஆம்பளைடா. ஒரு வாய் குடிச்சா கற்பூரம் என்ன கேக்கவா போவுது?” என்று அவனே கறுப்புக் கோலாத் தண்ணியோடு பிராந்தியைக் கலந்து கொடுத்தான். பார்க்கிறவர்களுக்கு வெறும் கேஸ் தண்ணி மாதிரித்தான் தெரியும்.

அதோடு நின்றிருந்தால் இதை எழுதுகிற வேலை எனக்கு இருந்திருக்காது. என் மகன் அடுப்படிக்குள் நுழையும்போதே அவன் செருப்புச் சத்தம் சந்துக்குக் கேட்கும். உடனே ஒருவன், “மாமா வர்றாரு, மாமா வர்றாரு” என்பான். எல்லாரும் அண்ணாந்து கோப்பையை ஒரே மடக்கில் வாயில் கவிழ்த்துவிட்டு, வெறுங்கோப்பையைச் சாக்கடையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். கீழே ஊற்றலாம். ஊற்றினால் வாடை வரும், மாமா கண்டுபிடித்துவிடுவார். மாமா போனதும் புதுக் கோப்பை எடுத்து மறுபடி ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் மாமா மறுபடி வருவார். பழகிய பையன்கள் அதற்கு ஏற்றமாதிரி கொஞ்சமாக ஊற்றிக்கொண்டார்கள். பேரனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மாமா கண்ணில் பட்டால் அம்மாவுக்குப் போகும் என்ற பயம் வேறு. கோப்பையில் இருந்தது எவ்வளவானாலும் அவன்தான் முதலில் விழுங்கினானாம்.

“எனக்குப் புரியவே இல்லை, தோக்” என்றான் சீனப் பையன். “மாமா வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே குடித்தார்கள். உங்கள் பழக்கம் போல என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்பா வந்தால் கிளாஸைக் கீழே வைப்போம்.”

சாயங்காலம் ஆனது. கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். என் மகள் புதுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். புருஷன் செத்தபிறகு அவள் பூ வைத்து அன்றுதான் பார்த்தேன். தங்கச் சாவியை ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பையனைக் காணவில்லை.

“எங்கடா அவன்?” என்று அவன் கூட்டாளிகளைக் கேட்டாள்.

“குளிக்கறான் ஆன்ட்டி.”

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள்.

“சட்டை மாத்தறான் ஆன்ட்டி. சர்ப்ரைஸா வரணும்னு சொன்னான்.”

அவள் சிரித்துவிட்டு, வந்தவர்களிடம், “மாப்பிள்ளை மாதிரி ரெடியாவறான்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவன் அப்போது சித்தப்பா காரில் பின்சீட்டில் மல்லாந்து கிடந்தான். கால் நிற்காமல் விழுந்தவனை அவர்கள்தான் தூக்கிப் படுக்க வைத்து, ஏர்கோனைப் போட்டு, கதவைச் சாத்தியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. சீனப் பையன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, கூப்பிட்டால் பேசவில்லை, உள்ளே போய் அம்மாவிடம் சொல்லலாம் என்றிருக்கிறான்.

“பைத்தியமாடா? அண்ணி பாத்தா மானம் போயிடும்” என்றான் சித்தப்பா. “கொஞ்சம் தூங்கட்டும். மூஞ்சியக் கழுவிக் கூட்டிட்டுப் போலாம்.”

வீட்டுப் பின்கதவிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் அந்தக் கார் நின்றது. உள்ளே அவள் கேக்குக்கு மெழுகுவத்தி சொருகிக்கொண்டிருந்தாள்.

படுத்தவாக்கில் வாந்தி எடுத்து அது மூச்சை அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். என் மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தலையில் பூ அப்படியே இருந்தது.

சாவு வீட்டைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. கருமாதியைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

அதே கெனோப்பி, அதே ஆள்தான் வந்து போட்டான். கூடத்தில் பேரன் படத்துக்கு மாலை போட்டு, வாழையிலை விரித்து, அவனுக்குப் பிடித்ததை எல்லாம் வைத்தார்கள். கோழிப் பிரட்டல், மீகோரேங், என் மகள் செய்த ரவா லட்டு. சீனப் பையன் வெள்ளைச் சட்டையோடு வந்து, பொட்டலத்தில் கட்டின சோயாபீன் தண்ணீரை என் கையில் கொடுத்து, இதை வைக்கலாமா தோக் என்று கேட்டான். நான் அதை ஒரு டம்ளரில் ஊற்றி இலை ஓரத்தில் வைத்தேன்.

சித்தப்பாவும் வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். சட்டைக்குள்ளிருந்து ஒரு டின் பீரை எடுத்து, திறந்து, சோயாபீன் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான்.

என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். “இது என்னா தம்பி?”

“ஆம்பளப் படையல்ல வைக்கறதுதான அண்ணி. அண்ணனுக்கும் வச்சோம்ல.”

“உங்கண்ணனுக்குப் புடிக்கும், வச்சோம். இவனுக்குப் புடிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

கூட்டாளிப் பையன்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் எட்டி அந்த டின்னை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். சத்தம் போடவில்லை. அதன் அடி நனைத்த இலையை முந்தானையால் துடைத்தாள். பிறகு கற்பூரத்தை ஏற்றி எல்லாரையும் கும்பிடச் சொன்னாள்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மகன் எதிரில். அந்த நாளிலிருந்து அவன் மீசையை எடுத்துவிட்டான், பேச்சும் குறைந்துவிட்டது. என் மகள் இலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

பின்சந்தில் ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பின்மூடி திறந்தது. ஐஸ் அள்ளும் சத்தம், பிறகு பையன்கள் தணிந்த குரலில் பேசும் சத்தம். அடுப்படிக் கதவு சாத்தியிருந்தும் எல்லாம் கேட்டது. துக்கத்துக்கும் ஊற்றத்தானே வேண்டும்.

என் மகன் பழக்கத்தில் எழுந்து செருப்பைத் தேடினான்.

“போவாதண்ணே” என்றாள் என் மகள். மடித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “நீ போனா வேகமாக் குடிப்பானுங்க. உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். செருப்பு ஒரு காலில் மாட்டியபடியே இருந்தது. வெளியில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.